எமிலி வீட்டு மேசை

எமிலி சொல்லி வந்தீர்களா, நீங்களாக வந்தீர்களா, ஐயரம்மா? முதலில் அது எனக்குத் தெரிய வேண்டும். நீங்களாகத்தானா? சரி. அப்படியென்றால் பேசலாம்.

காப்பியை ஆறவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு ஐயருக்கு முன்னால் இந்தச் சேகரத்துக்குப் போதகராக இருந்த ஐயரும் இதே கேள்வியோடு வந்தார். திருவிருந்துக்கு ஒரே படியில் முழங்கால் போடுகிற இரண்டு பேர், வெளியே வந்ததும் முகம் கொடுத்துப் பேசாமல் போவது நன்றாகவா இருக்கிறது என்றார். நன்றாக இல்லைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பேசாமலிருப்பது நான் இல்லையே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நின்று "ஸ்தோத்திரம், எமிலி" என்கிறேன். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறாள். இத்தனைக்கும் என் தாயும் அவள் தாயும் உடன்பிறந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அவளுடைய சமையலறை ஜன்னல் இங்கிருந்தே தெரியும். காலையில் அது திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். காற்றோட்டத்துக்காகத்தான், வேறொன்றுமில்லை.

அந்த ஐயர் யார்மேல் தவறு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

போன மாதம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு கதை சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் கல்லூரியில் நடத்திய அமெரிக்க நாவல் என்றீர்கள். கரைக்குக் கரை அந்தஸ்து மாறுகிற ஓர் ஊர். அதில் ஒரு புதுப் பணக்காரன். அவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் கதையைச் சொல்கிறான், ஆனால் அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று முடித்தீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு விளங்கவில்லை, ஐயரம்மா. கூட இருந்து பார்த்தவனை நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவது? நான் தமிழ் வழியில் படித்தவள். ஆசிரியப் பயிற்சியும் தமிழில்தான். கண்டதைக் கண்டபடி சொல் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். அதற்குமேல் அதில் ஒரு சூட்சுமம் இருப்பதாகத் தெரியாது.

நம் ஊரிலும் குளத்துக்கு இரண்டு கரை. வந்து ஆறு மாதம் ஆகிறது, உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலக்கரையில் ஆலயம், பள்ளிக்கூடம், எங்களுடைய நாலைந்து வீடுகள். என் தாத்தா உபதேசியார். என் தகப்பனார் தலைமையாசிரியர். எமிலியின் தகப்பனார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். கீழக்கரையில் மற்றவர்கள். ஏற்றத்தாழ்வு என்று சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு ஏது? என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். கீழக்கரைப் பிள்ளைகள் குளத்துச் சேற்றோடு வருவார்கள் என்பதால் பின் பெஞ்சு. அது சுத்தம் பற்றிய விஷயம்.

எமிலி வீட்டில் பாக்கியம் என்று ஒருத்தி சமையலுக்கு இருந்தாள். கீழக்கரைக்காரி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எமிலியின் தாய் எப்போதும் படுக்கை. ஆகவே எமிலி வளர்ந்தது பாக்கியத்தின் இடுப்பில். நாங்கள் அவளை வேலைக்காரியாக நடத்தியதே கிடையாது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் பின்கட்டில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். யாரும் அவசரப்படுத்தமாட்டோம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அந்தப் பெரிய மேசையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மேசை அது. பாக்கியம் நின்று பரிமாறுவாள். யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்கவே வேண்டாம். கோழி ஈரல் எனக்கு வந்துவிடும். "சின்னம்மா, இன்னும் ஒரு கரண்டி" என்பாள். அவ்வளவு பிரியம்.

அவளுடைய மகன் தவசிமுத்து என்னிடம் படித்தான். கெட்டிக்காரன். கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. எட்டாம் வகுப்பு முடித்ததும் பாக்கியம் அவனை அழைத்துக்கொண்டு வந்து, "டீச்சரம்மா, இவன மேல படிக்க வைக்கலாமா?" என்று கேட்டாள். நான் நடைமுறையை எண்ணிப் பார்த்தேன். ஹைஸ்கூலுக்குப் போனால் காற்சட்டை வேண்டும், செருப்பு வேண்டும், பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு பழக வேண்டும். பையன் மனம் நொந்துபோவான். "எட்டு போதும், பாக்கியம். ஒரு வேலையில் சேர்த்துவிடு" என்றேன். அதனால்தான் அவன் பம்பாய்க்குப் போனான். அதனால்தான் சம்பாதித்தான். அதற்கு இன்றுவரை ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

முப்பது, முப்பத்தைந்து வருடம் கழித்து அவன் திரும்பி வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. கீழக்கரையில் மூன்று மாடி வீடு. வெளிச்சுவருக்குக் குளியலறை ஓடு பதித்திருக்கிறான், நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது பூட்டிக் கிடக்கிறதே, அதுதான். சாயங்கால வெயில் பட்டால் குளம் முழுக்க அந்த ஓட்டின் பளபளப்பு. எனக்கு இங்கே கண் கூசும். தங்கம் கடத்தினான் என்றார்கள். சாராயம் என்றார்கள். மந்திரி ஒருவருக்குப் பினாமி என்றார்கள். நான் எதையும் நம்பவில்லை. யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். கேட்டதை நாலு பேரிடம் விசாரித்ததுண்டு. உண்மை தெரிய வேண்டுமல்லவா? கடைசியில் பார்த்தால் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற கம்பெனியாம். அது தெரிந்தபோது, கடத்தலே மேல் என்று தோன்றியது.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகை. உங்களுக்கு இனிமேல்தான் வரப்போகிறது. அவரவர் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது எதையாவது படைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம். சேவல், வாழைத்தார், கேக், எல்லாம் போகும். ஏலம் விடுகிறவர் கோயில்பிள்ளை ஞானப்பழம். மணி அடிக்க மறந்தாலும் மறப்பார், ஏலத்தில் வாய் ஓயாது. எமிலி ஒரு டின் முந்திரிக்கொத்து வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்து முந்திரிக்கொத்து பெயர்போனது. பக்குவம் எங்களுடையது. பயறு வறுத்து, திரித்து, பாகு காய்ச்சி, உருட்டி, பொரித்ததெல்லாம் அந்தக் காலத்தில் பாக்கியம். ஆனால் பக்குவம் எங்களுடையது.

"ஏலே, எல்லாரும் வாயில என்னத்த வச்சிருக்கியோ?" என்று ஞானப்பழம் டின்னைத் தலைக்குமேல் தூக்கினார். "டாக்டர் வீட்டு முந்திரிக்கொத்து! ஒண்ணு தின்னா பல்லுக்கு ஆயுசு, ரெண்டு தின்னா மாப்பிள்ளைக்கு ஆயுசு! கேளுங்கய்யா!"

யாரோ கேட்டார்கள். வேறு யாரோ கொஞ்சம் ஏற்றினார்கள். பின்னால் வேப்பமரத்தடியிலிருந்து தவசிமுத்து ஒரு தொகை சொன்னான். தொகையைச் சொல்லமாட்டேன். அநாகரிகம். ஞானப்பழத்துக்கே பேச்சு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, தெரிஞ்சுதான் கேக்கியளா? இது முந்திரிக்கொத்து. முந்திரித் தோப்பு இல்ல."

"தெரிஞ்சுதான் கேக்கேன். விடுங்க."

பெரிய ஏலம் எடுத்தவர்கள் பொருளைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வது இங்கே வழக்கம். அதுதான் பெருந்தன்மை. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கொடுக்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே மரத்தடியில் நாற்காலியில் இருந்த பாக்கியத்திடம் போனான். மூடியைத் திறந்தான். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். முன்பல் கிடையாது, கடைவாயில் வைத்து மெதுவாக மென்றாள்.

"பாகு கொஞ்சம் முத்திட்டு," என்றாள்.

கூட்டம் சிரித்தது. எமிலி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இல்லல்லா, பாக்கியம்மா. அதான் முத்திட்டு!" ஆலய வளாகத்தில், அத்தனை பேர் முன்னால், டாக்டர் மகள். எமிலி இளகின மனதுக்காரி. நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் சொன்னேன்.

அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். மூன்றாவது வருடம் ஏலம் முடிந்த மறுநாள் தவசிமுத்து இங்கே வந்தான். நீங்கள் இருக்கிற இடத்தில்தான் நின்றான். உட்காரச் சொல்லியிருப்பேன். அவன் உட்காருகிற மாதிரி தெரியவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு காரியம் கேட்டு வந்தேன்."

"சொல்லப்பா."

"எமிலி அக்கா வீட்டு மேசையில எங்கம்மா ஒரு நேரம் உக்காந்து சாப்பிடணும்."

"அதை எமிலியிடமல்லவா கேட்க வேண்டும்?"

"கேட்டாச்சு. அவங்க அழுதுட்டாங்க, இன்னைக்கே வாங்கன்னாங்க. ஆனா நீங்களும் வந்து உக்காரணும், டீச்சர். அந்த மேசையில எல்லாருக்கும் நின்னுக்கிட்டே பரிமாறினவ எங்கம்மா. எல்லாரும் போய்ச் சேந்தாச்சு. மிச்சம் நீங்க ரெண்டு பேருதான். நீங்க இருக்கையில அவ உக்காரணும். இல்லேன்னா அது வெறும் சாப்பாடு. அது எங்க வீட்டுலயே இருக்கு."

நான் யோசித்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவளுக்கு இப்பல்லாம் அப்பப்ப நெனவு தவறிப் போகுது. ஆஸ்பத்திரியில இனி கூடத்தான் செய்யும்னுட்டாங்க. முழுசாப் போறதுக்கு முந்தி ஒரு தடவ," என்றான். பிறகு, "இன்னொண்ணு, டீச்சர். அன்னைக்கு மட்டும் அவள 'நீங்க'ன்னு சொல்லணும்" என்றான்.

"அதற்கென்ன, சொல்கிறேன்" என்றேன். நான் சொன்ன சொல் மாறாதவள்.

எமிலியிடம் ஒரே ஒரு யோசனை சொன்னேன். பாக்கியத்தின் நன்மைக்காகத்தான். பழகாத இடத்தில் உட்காரவைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது, பின்கட்டில் நாம் எல்லாரும் பாய் விரித்து உட்காரலாமே, அவளுக்குச் சுகமாக இருக்கும் என்றேன். எமிலி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அக்கா, வரப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க" என்றாள். நான் வரமாட்டேன் என்றா சொன்னேன்? நல்ல யோசனையைக்கூடச் சொல்லக் கூடாதா?

ஞாயிறு மத்தியானம். மேசையில் வெள்ளை விரிப்பு. சித்தி காலத்துப் பீங்கான் தட்டுகள். எமிலி விடிந்ததிலிருந்து தானே சமைத்திருந்தாள், கோழிக் குழம்பு, நெத்திலிப் பொரியல், எல்லாம். தவசிமுத்து தாயைக் கைத்தாங்கலாக முன்வாசல் வழியாக அழைத்து வந்தான். அந்த வாசல்படியை அவள் பெருக்கியிருப்பாள், பண்டிகைக்குச் சுண்ணாம்புக் கரைகூட அடித்திருப்பாள். அதன் வழியாக உள்ளே வந்தது அன்றுதான். பட்டுச் சேலை. நடக்கத் தெம்பில்லை, கால் பின்னியது. எனக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், பஸ் வந்ததும் எழுந்து ஓட வேண்டியவள் மாதிரி. கைகள் மடியில்.

நான் ஜெபித்தேன். நீண்ட ஜெபம்தான். தகப்பனார் ஜெபிப்பது போல.

அவள் தட்டைத் தொடவில்லை. "சாப்பிடுங்கள்" என்றேன். 'நீங்கள்' போட்டுத்தான் சொன்னேன், எமிலியே சாட்சி. அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரையோ சொல்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எமிலி எழுந்து வந்து, ஒரு கவளம் பிசைந்து அவள் வாயில் கொடுத்தாள். "சின்னப் புள்ளையில எனக்கு எத்தன நாளு ஊட்டியிருப்பீங்க? ஆ காட்டுங்க." பாக்கியம் சிரித்துவிட்டாள். மென்றாள். பிறகு கையை மடியிலிருந்து எடுத்தாள், சோற்றைத் தொட்டாள், தானாகவே சாப்பிட ஆரம்பித்தாள். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. தவசிமுத்து சாப்பிடவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய மனிதன், மூக்கை உறிஞ்சினான்.

அப்போது எனக்குப் புரையேறிவிட்டது.

எமிலி குழம்பில் எப்போதும் காரம் அதிகம் போடுவாள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, மூச்சு முட்டியது. "பாக்கியம், தண்ணீர்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த நிலையில் யாராக இருந்தாலும் தண்ணீர் கேட்பார்கள். மேசையில் ஜாடி இருந்ததே என்று பிறகு எமிலி சொன்னாள். இருந்தது. என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. புரையேறுகிறவள் ஜாடியையா தேடுவாள்?

பாக்கியம் எழுந்துவிட்டாள். கைத்தாங்கல் இல்லாமல் நடக்காதவள், ஐயரம்மா, விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். பானை எங்கே, செம்பு எங்கே என்று ஒரு தடுமாற்றம் கிடையாது. செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, என் முதுகைத் தடவி, "மெதுவாக் குடிங்க, சின்னம்மா" என்றாள். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அம்மா, வந்து உக்காரு," என்றான் தவசிமுத்து.

"எல்லாரும் சாப்பிடட்டும்யா. நீ பின்னால போய் இரு. இங்கல்லாம் வரக் கூடாது."

எமிலி அவள் கையைப் பிடித்தாள். கெஞ்சினாள். பாக்கியம் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு எமிலியின் தட்டில் குழம்பு ஊற்றினாள். எனக்கு ஈரல் துண்டைத் தேடி எடுத்துப் போட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மறக்கவில்லை பாருங்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வந்ததிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால்தான் எமிலிக்குக் கோபம் வருகிறது.

மறுநாளிலிருந்து விடியுமுன்னே அவள் குளத்துக் கரை வழியாக நடந்து எமிலி வீட்டுப் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். கதவு திறக்கும்வரை நிற்பாள். தவசிமுத்து தேடிக்கொண்டு ஓடிவருவான். எமிலி முன்கதவைத் திறந்து அழைத்தால், சுற்றிக்கொண்டு மறுபடியும் பின்னால் போய் நிற்பாள். தன் வீட்டிலும் சோபாவில் உட்காருவதில்லை, மேசைக்கு வருவதில்லை. "வேலைக்கு நேரமாச்சு" என்று ஒரே பேச்சு. மகனையே அடையாளம் தெரியவில்லை. "ஐயா, எம் பையன் பம்பாய்ல இருக்கான், கடுதாசி வந்துச்சா?" என்று அவனிடமே கேட்பாளாம். நோய் அது. ஆஸ்பத்திரியிலேயே கூடும் என்றுதானே சொன்னார்கள்? தண்ணீர் கேட்டதால் நோய் வருமா?

நான் கேட்கிறேன், வருமா?

தவசிமுத்து மறுபடியும் வந்தான். இந்தத் தடவை முகம் சவரம் செய்யாமல், சட்டை கசங்கி. அவனை அப்படிப் பார்க்கப் பழைய மாணவன் போலவே இருந்தான்.

"டீச்சர், யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. எமிலி அக்கா சொன்னாலும் கேக்கல, ஐயர் வந்து சொன்னாலும் கேக்கல. நீங்க சொன்னாக் கேப்பா. ஒங்க சத்தத்துக்கு மட்டுந்தான் அவ எந்திரிச்சா."

"நான் என்னப்பா சொல்லுவது?"

"பாக்கியம், நாற்காலியில உக்காருன்னு சொல்லுங்க. பழையபடி சொல்லுங்க. அதட்டிச் சொன்னாலும் சரி."

"நீதானே அவர்களை மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய்?"

"நான்தான் சொன்னேன், டீச்சர். இப்ப நானே வந்து கேக்கேன். அவ அந்த மேசையில உக்காந்தா போதும். எப்படி உக்காந்தாலும் சரி."

நான் போனேன். போகாமலிருந்திருக்கலாம். என் வயதில் எனக்கு இதெல்லாம் என்ன கட்டாயம்? அந்த ஞாயிறும் எமிலி சமைத்திருந்தாள். காரம் குறைத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். பாக்கியம் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்று நூல் சேலை. பட்டுச் சேலையைக் கட்டவிடவில்லையாம்.

முதலில் என் வாக்கின்படியே, "பாக்கியம், வந்து உட்காருங்கள்" என்றேன். அவள் திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். தவசிமுத்து என்னைப் பார்த்தான். எமிலி என்னைப் பார்த்தாள்.

"பாக்கியம், உட்கார்" என்றேன்.

என் குரலுக்கு அந்த வயதிலும் ஒரு கட்டு இருந்தது. அவள் உடனே வந்தாள். நேரே என் பக்கமாக வந்தாள். வந்து, என் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரியாகச் செய்துவிட்ட பிள்ளை டீச்சரைப் பார்க்குமே, அப்படி.

"அக்கா, நாற்காலியிலன்னு சொல்லுங்க," என்றாள் எமிலி.

நான் சொல்லவில்லை. உட்கார் என்றேன், உட்கார்ந்துவிட்டாள். எங்கே உட்காருகிறாள் என்பது என் கையிலா இருக்கிறது? அதுவும் நான் ஒன்றை இரண்டு முறை சொல்லுகிறவளல்ல. வகுப்பில்கூடச் சொன்னதில்லை. ஒருமுறை சொல்வேன், அதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அக்கா, ஒரு வார்த்த. உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"டீச்சர்..." என்றான் அவன்.

எனக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை, ஐயரம்மா. என்னைக் குற்றவாளிபோல இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று பார்ப்பது. அவளாகத்தானே உட்கார்ந்தாள்? சந்தோஷமாகத்தானே இருந்தாள்? அவளுக்கு எது சுகம் என்று நான் முதலிலேயே சொன்னேன், யார் கேட்டார்கள்?

தவசிமுத்து தன் தாய்க்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பாக்கியம் பதறினாள். "ஐயா, நீங்க கீழ உக்காரலாமா? யாராவது பாத்தா?" என்றாள், அவனை யாரோ என்று நினைத்துக்கொண்டு. அவன் "பாக்கட்டும்மா" என்றான். எமிலி மேசையிலிருந்து தட்டுகளை எடுத்தாள். ஒன்று, பிறகு ஒன்று, தன்னுடையதையும். அவள் முழங்கால் என்னுடையதைவிட மோசம், ஆனாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தாள். குழம்புச் சட்டியையும் கீழே இறக்கிக்கொண்டாள். பாக்கியத்துக்கு அவள் ஊட்டினாள். பாக்கியம் மகனுக்குக் குழம்பு ஊற்றினாள், "நல்லாச் சாப்பிடுங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீக" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

பாக்கியம் ஈஸ்டருக்கு முந்திய அந்தத் தபசு காலத்தில் இறந்துபோனாள். கடைசிவரை அவளுக்கு மகன் திரும்பி வந்தது தெரியாது. அடக்கம் முடிந்த வாரமே அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று எமிலிக்குத் தெரியும், எனக்குச் சொல்லமாட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் அந்தப் பழைய ஐயரிடம் சொல்லியிருக்கிறாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள். இல்லை, தலையைக் குனியாதீர்கள், சொல்லியிருப்பாள்.

நீங்கள் படித்தவர். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அன்றைக்கு என்னை விருந்துக்கு அழைத்தது அவர்கள். பன்னிரண்டு பேர் உட்காருகிற மேசை. வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் முழுக்கக் காலியான நாற்காலிகள். அழைத்த மூன்று பேரும் என் காலடியில் தரையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். என் தட்டில் சோறு தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று ஒருவர்கூட நிமிர்ந்து கேட்கவில்லை, ஐயரம்மா. ஒருவர்கூட. அத்தனை பெரிய மேசையில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்பு யார் கேட்க வேண்டும்?